தீத்திப்போட்டு வாறன்

ஜூன் 3, திங்கள்

வங்கியில் கொடுத்த டைரி ஐந்து மாதமாக இழுப்பறையில் தூங்குகிறது. டிசம்பரில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு 'ஒலித்தடயம்: ஓர் அறிமுகம்' என்று ஒரு புத்தகம் எழுதப் போவதாக ஆய்வகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தமிழில் அப்படி ஒரு நூல் இல்லை. எழுதத் தகுதியுள்ள ஆளும் என்னைத் தவிர இல்லை. ஆகவே இன்று முதல் குறிப்பு எடுக்கிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தடய அறிவியல் ஆய்வகத்தின் ஒலிப்பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். மிரட்டிய குரல், கெஞ்சிய குரல், 'அது என் குரலே இல்லை' என்று கோவிலில் அடித்துச் சத்தியம் செய்த குரல், எல்லாம் இந்தக் காது கேட்டிருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் பார்க்கிற ஜனங்களுக்கு நினைப்பு என்னவென்றால், ஒரு பொத்தானை அமுக்கினால் கணினி பச்சை விளக்கெரிந்து 'இவன்தான்' என்று சொல்லிவிடும். கணினி படம் போடும், அவ்வளவுதான். கேட்பதற்குக் காது வேண்டும்.

வீட்டில் புதுக் குக்கர் வாங்கியிருக்கிறோம். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு என் மனைவி செண்பகம் குளிக்கப் போனாள். நான் பேப்பரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு விசிலும் வரவில்லை. அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து, "ஏழு விசில் ஆச்சுங்க, பருப்பு கூழாப் போச்சு" என்று கத்தினாள். இந்தக் காலத்துக் குக்கர்களுக்கு விசிலடிக்கக்கூடத் துப்பில்லை.

ஜூன் 5

புது வழக்கு. இன்ஸ்பெக்டர் தனஞ்செயன் தானே நேரில் வந்தார். வழக்கமாக ஒரு கான்ஸ்டபிளை அனுப்புகிற மனிதர். பத்திரிகையில் வந்த வழக்கு என்பதால் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருக்கிறார்.

நங்கநல்லூரில் பாஷ்யம் என்று எண்பத்தோரு வயது ஓய்வுபெற்ற பொறியாளர். பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள யோகமலர் என்ற பெண். நாற்பத்திரண்டு வயது. இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் ரயிலேறி வந்து போகிறவள். மார்ச் மாதம் ஒருநாள் மதியம் கிழவர் இறந்து போனார். பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் சோறு. தற்செயலாகப் புரையேறியதா, வாயில் திணிக்கப்பட்டதா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. அப்படியே மூடியிருக்க வேண்டிய கோப்பு. ஆனால் அவளுடைய செல்போன் எல்லா அழைப்பையும் தானே பதிவு செய்கிற ரகம். கிழவர் சாவதற்கு அரைமணி முன்னால் தன் தங்கையோடு பேசியிருக்கிறாள். பதினெட்டு வினாடிப் பேச்சு.

"இதுல என்ன சார் டவுட்டு? அவளே சொல்றா பாருங்க," என்று தனஞ்செயன் காகிதத்தை நீட்டி, நீட்டியதோடு நில்லாமல் உரக்கப் படித்தும் காட்டினார். "'ஐயாவைத் தீர்த்துப்போட்டு வாறேன். பிள்ளையை நிக்கச் சொல்லு.' கொலைன்னு இதுக்கு மேல எப்படி சார் சொல்லுவா?"

புத்தகத்துக்கு, முதல் பாடம்: அசலைத் தொடாதே. போனிலிருந்து நகலெடு, நகலுக்கு எண் முத்திரை போடு, அசலை உறையிலிட்டு அரக்கு வை, நகலில் மட்டும் வேலை செய். இரண்டாம் பாடம்: போலீஸ் எழுதிக் கொண்டுவந்த வாசகத்தைப் படிக்காதே. முதலில் கேள், பிறகு படி. படித்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும், எழுதியிருப்பதைத்தான் கேட்கும்.

தனஞ்செயன் படித்துக் காட்டியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதெல்லாம் அனுபவமில்லாதவர்களைத்தான் பாதிக்கும்.

ஜூன் 6

பதினொரு தடவை கேட்டேன். பதிவு ஒரே ஓட்டம். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. பின்னணியில் ஓடும் மின்விசிறியின் உறுமல் ஓரிடத்திலும் அறவில்லை. வெட்டி ஒட்டியிருந்தால் அது ஒரு மயிரிழை தடுக்கும். 'ஐயா' என்ற சொல்லுக்குப் பின்னால் மட்டும் ஒரு வினாடிக்கும் மேல் ஏதோ லேசான இரைச்சல். தொலைபேசி நிறுவனங்களின் லட்சணம். அதையடுத்து 'தீத்துப்போட்டு வாறன்'. தீர்த்து என்பதைத் தீத்து என்று சொல்வது ஊருக்கெல்லாம் பொது வழக்கு.

ஜூன் 10, திங்கள்

விதிப்படி இரண்டாவது ஆளும் தனியாகக் கேட்க வேண்டும். என் பிரிவில் இரண்டாவது ஆள் பெர்னாடெட். தூத்துக்குடிக்காரி, பதினான்கு வருட அனுபவம், ஆனால் இன்னும் பேசும்போது வாயைத் திறக்கமாட்டாள். பிரிவில் யாருமே இப்போதெல்லாம் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லோருக்கும் முணுமுணுப்பு வியாதி.

போலீஸ் காகிதத்தைப் பார்க்காமல் கேட்டு, எழுதிக் கொண்டுவந்தாள். 'ஐயா (குக்கர் விசில்) தீத்திப்போட்டு வாறன்.'

"குக்கர் விசிலா?" என்றேன்.

"ஆமா சார். நல்லாவே கேக்குது. அதனாலதான் ஐயாவையா ஐயாவுக்கான்னு தெரியல. அந்த இடத்தை விசில் முழுங்கிட்டு."

"அது லைன் இரைச்சல்மா. சரி, தீத்தி என்று எழுதியிருக்கிறாயே. அப்படி ஒரு சொல் தமிழில் உண்டா?"

"எனக்கும் அர்த்தம் தெரியல சார். ஆனா தீத்துன்னு இல்ல, தீத்தின்னுதான் இருக்கு. படத்தைப் பாருங்க."

குரலின் படத்தைக் காட்டினாள். புத்தகத்துக்கு, மூன்றாம் பாடம்: ஒலிப்படத்தில் ஒவ்வொரு உயிரெழுத்தும் கருத்த பட்டைகளாக விழும். இகரத்துக்கும் உகரத்துக்கும் முதல் பட்டை ஏறக்குறைய ஒரே இடத்தில், கீழே இருக்கும். இரண்டாம் பட்டைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். உகரத்துக்கு அதுவும் கீழேயே கிடக்கும். இகரத்துக்கு உச்சிக்கு ஏறி நிற்கும். இந்தப் படத்தில் ஏறித்தான் நின்றது. ஆனால் செல்போன் குரலைப் பிழிந்து சுருக்கி அனுப்புகிற சாதனம். அது போடும் கோலத்தையெல்லாம் உயிரெழுத்து என்று நம்பினால் உருப்பட்ட மாதிரிதான். படமா காதா என்று வந்தால் காதைத்தான் நம்ப வேண்டும்.

போகும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "சார், முதல் எழுத்து 'தீ'ன்னு உங்களுக்குத் தெளிவாக் கேக்குதா?"

இப்படியும் ஒரு கேள்வி. அவளுடைய குறிப்பை அடித்து, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

செண்பகம் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது, "கூரையைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். மழைக்காலம்கூட இல்லை. இருந்தாலும் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போட்ட தகரக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை உடைசல் எதுவும் இல்லை. இறங்கி வந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் கீரை தீய்ந்து சட்டி கறுத்துப் போயிருந்தது. அதற்கும் நான்தான் காரணமாம். கூரை என்று தான் சொல்லவே இல்லையாம். தான் சொன்னது தனக்கே நினைவில்லாதவளோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரன் தண்ணீர் ஊற்றி வைத்துக் காட்டி, "அடிக்குதே சார், அடிக்குதே சார்" என்று நடித்தான். ஏதோ புஸ்ஸென்றது, அவ்வளவுதான். வேறு கம்பெனிக் குக்கர் வந்திருக்கிறது. அதுவும் அதே லட்சணம்.

ஜூன் 19

யோகமலரைச் சிறையிலிருந்து குரல் மாதிரி எடுக்க அழைத்து வந்தார்கள். ஒடிசலான பெண். கையில் பழைய நைலான் பை, அதற்குள் ஒரே ஒரு சீப்பு. எதற்குச் சீப்பு என்று பெண் காவலர் கேட்டதற்கு, கோர்ட்டுக்குப் பிள்ளை வந்தால் தலை இழுத்துவிடலாம் என்றாளாம். பதினோரு வயது மகள், இப்போது தங்கையோடு முகாமில். இன்று வந்தது ஆய்வகத்துக்கு என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நம் போலீஸின் மரியாதை அவ்வளவு.

தனஞ்செயன் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாசகத்தை மைக் முன்னால் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மற்ற வரிகளையெல்லாம் ஒழுங்காகப் படித்தாள். சர்ச்சைக்குரிய வரி வந்ததும் நிறுத்தினாள்.

"இதை நான் இப்பிடிச் சொல்லேல்லை ஐயா."

"எழுதியிருப்பதைப் படிம்மா."

படித்தாள். 'தீர்த்து' என்று ரகர ஒற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்திப் படித்தாள். மூன்று தடவையும் அப்படியே. இந்தத் தந்திரத்தை எத்தனையோ பேரிடம் பார்த்தாகிவிட்டது. மாட்டிவிடும் சொல்லை மட்டும் மாற்றி உச்சரிப்பார்கள். குறித்துக்கொண்டேன்.

எழுந்து போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். தலையைக் குனிந்தபடி பேசினால் எவனுக்குப் புரியும்? தனஞ்செயன் முகமெல்லாம் பல்லாக என் தோளை இடித்தார்.

"சார், கேட்டீங்களா? 'நான்தான் தீத்தினனான், இல்லையெண்டு எங்கை சொன்னனான்?'னு ஒத்துக்கறா. உங்க முன்னாடியே!"

போலீஸ் முன்னால் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். ஆனாலும் மனதில் ஒரு திருப்தி. தீத்தினனான்! தீர்த்தேன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. தமிழ் தமிழ் என்று முழங்குகிறோம், ஒரு வினைச்சொல்லின் இறந்தகாலம் வாயில் வரமாட்டேன் என்கிறது.

பெர்னாடெட் அறையின் கண்ணாடிக்கு அப்பால் நின்றிருந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எரிச்சலாக இருந்தது.

ஜூன் 28

அறிக்கை அனுப்பியாயிற்று. பதிவு திருத்தப்படவில்லை. குரல் யோகமலருடையது. சர்ச்சைக்குரிய சொல் 'தீ(ர்)த்துப்போட்டு'. கையெழுத்து: அ. குற்றாலிங்கம், துணை இயக்குநர்.

ஜூலை 11

ஜாமீன் கிடைக்கவில்லை. உத்தரவில் என் அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பாஷ்யத்தின் மகன் தொலைக்காட்சியில், "அறிவியல் பேசிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவைப் பார்க்க வருடத்துக்கு ஒருதடவை வந்து போனவர். செண்பகம் வந்து தொலைக்காட்சியின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு எப்படிக் கேட்பது?

ஆய்வகத்து வேப்பமரத்தில் அணில்கள் வாலைத் தூக்கித் தூக்கி வாயைத் திறக்கின்றன. சத்தம் ஒன்றும் வரக்காணோம். முன்பெல்லாம் காதைத் துளைக்கும். சென்னைக் காற்றில் அணிலுக்கும் தொண்டை கட்டிவிட்டது போல.

ஜூலை 23

ஹெட்போன் கோளாறு.

ஜூலை 24

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

மாதாந்தரச் சோதனை. கணினியிலிருந்து வெவ்வேறு சுருதிகளை அனுப்பி ஹெட்போன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பெர்னாடெட் விடுப்பு என்பதால் நானே செய்தேன். ஐந்நூறு ஹெர்ட்ஸ், சரி. ஆயிரம், சரி. இரண்டாயிரம், மங்கல். மூவாயிரத்தில் ஒன்றுமே இல்லை. ஒலியளவைக் கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன். கம்பி அறுந்திருக்கும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேசை ஒலிபெருக்கிக்கு மாற்றினேன். அதுவும் செத்திருந்தது. முழுதாகத் திருகிவைத்துவிட்டு, மட்டமான சாமான் வாங்கிப் போடும் கொள்முதல் பிரிவைத் திட்டிக்கொண்டே பின்பக்கக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது வாசலில் ஆறு பேர். துப்பாக்கிப் பிரிவு, ரசாயனப் பிரிவு, கேன்டீன் அம்மாள்கூட. எல்லோரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஏதோ கத்தினார்கள். ரசாயனப் பிரிவுக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"என்ன சார், காது கிழிஞ்சிடுச்சு! உங்களுக்குக் கேக்கலையா?"

"ஹெட்போன் கோளாறு" என்றேன்.

ஜூலை 29, திங்கள்

காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று செண்பகத்திடம் சொல்லி, அவள் பத்து நாளாக நச்சரிப்பதற்காகவே போவதாகப் பாவனை செய்து, காது மருத்துவரிடம் போனேன். சின்னப் பையன் டாக்டர். அழுக்கு இல்லை என்றான்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு சொற்களைப் படித்தாள். நான் கேட்டதை எழுத வேண்டும். கூரை, மூட்டு, புட்டு, தூ என்று எழுதினேன். இவ்வளவு சுலபமான சோதனைக்கா கட்டணம் என்று நினைத்தேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். கீரை, மீட்டு, பிட்டு, தீ.

டாக்டர் வரைபடத்தை விளக்கத் தொடங்கினான். எனக்கு எதற்கு விளக்கம்? அந்தக் கோடு எந்த அதிர்வெண்ணில் இடறி விழுந்திருக்கிறது என்பதை அவனைவிட நன்றாகப் படிக்கத் தெரியும். ஆயிரத்தைந்நூறு வரைக்கும் நேராக வந்து, அங்கிருந்து கிணற்றில் விழுகிறது. இரண்டு காதும். வருஷக்கணக்காக இப்படி இருந்திருக்கும் என்றான். இகரத்தின் இரண்டாம் பட்டை நிற்பது அந்தக் கிணற்றுக்குள். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது கீழ்ப்பட்டை மட்டும். உகரம்.

ஆட்டோவில் செண்பகம் நான் எழுதிய காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, என் முகத்துக்கு நேராக வந்து, "கீரைதான் சொன்னேன்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கதவைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 30

பெர்னாடெட் கேட்ட கேள்வி நாள் முழுக்க மண்டையைக் குடைந்தது. முதல் எழுத்து தீ என்று தெளிவாகக் கேட்கிறதா?

கேட்கவில்லை. கேட்டிருக்கவே முடியாது. என் காதுக்கு அது 'தூத்துப்போட்டு' என்றுதான் விழுந்திருக்க வேண்டும். 'தீ' என்று எனக்குச் சொன்னது தனஞ்செயனின் காகிதம். இரண்டாம் பாடத்தை நானே எழுதி, நானே மீறி, அனுபவமில்லாதவர்களைத்தான் பாதிக்கும் என்று அதற்குக் கீழேயே எழுதியும் வைத்திருக்கிறேன். என்ன திமிர்.

ஆகஸ்ட் 2

தீத்தி என்றால் என்ன? ஆய்வகத்தில் யாரிடமும் கேட்க வெட்கம். வீட்டில் பேரகராதி இருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு வந்த பரிசு. தமிழ்ப் பற்றாளன் என்று பேர் வாங்கிய பிறகு அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை. செண்பகம் அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். உருவினேன்.

தீத்து என்று இல்லை. ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி ஒரு சொல் கிடையாது என்று நான் சொன்னது சரிதான். பிறகு உறைத்தது. காற்று காத்தாகும். நேற்று நேத்தாகும். சேற்றில் என்பது சேத்துல. றகரம் இரட்டித்தால் பேச்சில் தகரமாகும் என்று போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் வருடாவருடம் வகுப்பெடுப்பவன் நான். பக்கத்தைத் திருப்பினேன்.

தீற்றுதல்: சிறிது சிறிதாக ஊட்டுதல்.

சோறு தீற்றுவது. ஐயாவுக்குத் தீற்றிப்போட்டு வருகிறேன். ஐயாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறேன், பிள்ளையை நிற்கச் சொல்லு. அவள் சொன்னது அதுதான். குக்கர் விசில் விழுங்கியது ஒரு 'வுக்கு'. மிச்சத்தை நாங்கள் விழுங்கினோம்.

தீத்தினனான் என்றது ஒப்புதல் வாக்குமூலமல்ல. நான்தான் ஊட்டினேன் என்றாள். தீர்த்தேன் என்பதற்குத் 'தீத்தினனான்' எந்த ஊர்ப் பேச்சிலும் வராது. அந்த ஒரு சொல்லின் இறந்தகாலமே அவளை விடுவித்திருக்கும். அதை வைத்துத்தான் நான் அவள் தமிழைப் பழித்தேன்.

இன்றோடு அவள் உள்ளே போய் நூற்று முப்பத்தெட்டு நாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெர்னாடெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது வரைபடத்தையும் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷமா எல்லாருக்கும் தெரியும் சார்."

"ஏன் சொல்லவில்லை?"

அவள் கையிலிருந்த வரைபடத்தை மேசையில் வைத்தாள். பிறகு என் பக்கம் நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "யாரு சொல்ல முடியும் சார் உங்ககிட்ட?"

இயக்குநரிடம் போனேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். "குற்றாலிங்கம், இன்னும் நாலு மாசம். காதைப் பத்தி வெளிய சொன்னீங்கன்னா நீங்க கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு கேஸையும் தோண்டுவாங்க. செப்டம்பர் பன்னெண்டு சாட்சிக்கு சம்மன் வந்திருக்கு இல்ல? மெடிக்கல் லீவு போட்டுடுங்க. வேற யாராவது போய் உங்க கையெழுத்தை அடையாளம் காட்டிட்டு வந்துடுவாங்க. ரிப்போர்ட் அதுபாட்டுக்குப் போயிடும்."

வெட்கமில்லாத யோசனை. இருக்கைக்கு வந்து விடுப்பு விண்ணப்பத்தை எழுதினேன்.

ஆகஸ்ட் 21

விண்ணப்பம் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் எடுத்து வைக்கிறேன்.

செண்பகம் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அதை எடுத்துப் படித்துவிட்டாள். "காய்ச்சல்னு எழுதியிருக்கு. உங்களுக்கு எங்க காய்ச்சல்?" என்றாள்.  கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது அதற்கு வசதியும் இருக்கிறது.

ஆகஸ்ட் 22

கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காதுக்குக் கருவி வர இன்னும் இரண்டு வாரமாம். எனவே பெர்னாடெட்டைக் கூட அழைத்துப் போனேன். நீதிபதிக்கு மனுக் கொடுத்து, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் அவள் நின்று கேள்விகளை உரக்கத் திருப்பிச் சொல்ல அனுமதி வாங்கினேன். யோகமலருக்காக வாதாடும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் கலாவதியைப் பற்றி ஒரு கோப்பைக்கூடத் திறக்காதவர் என்று நினைத்திருந்தேன். திறந்துதான் வைத்திருந்தார். யோகமலர் சொன்ன அர்த்தத்தை முகாமில் நாலு பேரிடம் எழுதி வாங்கியிருந்தார். ஆய்வகம் 'தீத்து' என்று அடித்துச் சொன்ன பிறகு அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது.

அரசு வழக்கறிஞர் வழக்கமான கேள்வியோடு தொடங்கினார். இந்த அறிக்கையில் உள்ள கையெழுத்து உங்களுடையதா?

"கையெழுத்து என்னுடையது. கேட்டது தவறு," என்றேன்.

அவர் முகம் போன போக்கை வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். பிறகு ஒரு மணி நேரம் நின்றேன். காது வரைபடத்தைக் கொடுத்தேன். ஒலிப்படத்தைக் கொடுத்து, இரண்டாம் பட்டை எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். நான் அடித்த பெர்னாடெட்டின் குறிப்பைக் கொடுத்தேன். அகராதியைச் சுமந்து போயிருந்தேன், அதையும் கொடுத்தேன். செவிடன் என்று தெரிந்தே எத்தனை வருடம் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் உண்மை என்று அதையும் சொன்னேன். தனஞ்செயன் பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். பதினெட்டு வினாடி. விசில் வந்த இடத்தில் அறையே மேலே நிமிர்ந்து பார்த்தது. எனக்கு லேசான இரைச்சல்.

மாலைக்குள் ஜாமீன். கலாவதி வழக்கையே ரத்து செய்ய மனு போடுகிறார். ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது என்பதற்கு மனு கிடையாது.

வராந்தாவில் யோகமலர் நின்றிருந்தாள். மகள் முன்னால் உட்கார்ந்திருக்க, அந்தச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். என்னவெல்லாம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேனோ அத்தனையும் மறந்துவிட்டது. "அம்மா, என்னால்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, குரலும் வந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அறுபது வயதில் முதல் தடவையாக ஒருவரிடம், "எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றேன்.

அவள் மகளின் தலைக்குத் திரும்பிவிட்டாள். பெர்னாடெட் என்னைத் தள்ளி அழைத்து வந்து, படியில் நிறுத்தி, வாயைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'நான் அண்டைக்கே சொன்னனான் ஐயா. நீங்கள்தான் கேக்கேல்லை.' இதான் சார் சொன்னாங்க."

காதில் விழவில்லை என்றாளா, விசாரிக்கவில்லை என்றாளா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அவளிடம் திரும்பிப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. இரண்டும்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

இயக்குநர் என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் எனக்குப் பெரிய வித்தியாசமில்லை. கடந்த ஐந்து வருடத்தில், சர்ச்சைக்குரிய சொல்லை நான் காதால் மட்டும் முடிவு செய்த கோப்புகளைப் பட்டியல் போட்டேன். நாற்பத்தொன்று. அத்தனையையும் மறுபடி திறக்கக் கோரி எழுதிக் கொடுத்துவிட்டேன். புத்தகக் குறிப்புகளை இதே டைரியில் அடித்துவிட்டேன், இரண்டாம் பாடத்தைத் தவிர.

முதல் கோப்பைக் காலை பத்து மணிக்கு எடுத்தோம். பெர்னாடெட் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் கேட்கிறாள், நான் எழுதுகிறேன்.